மிச்சமிருக்கும் ஸ்லாட்டில் எஸ்எஸ்டி: எந்தக் கார்டு யாருக்கு?

மதர்போர்டில் உள்ள எம்.2 இடங்கள் (பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடங்கள்) நிரம்பிவிட்டன, இன்னும் ஒரு எஸ்எஸ்டி போட வேண்டும். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் போய்க் கேட்டால், ஒரு கடையில் 20 வெள்ளிக்கும் குறைவான சின்ன அடாப்டரை எடுத்து வைப்பார்கள். அடுத்த கடையில் விசிறி வைத்த, நான்கு எஸ்எஸ்டி மாட்டக்கூடிய கனமான கார்டைக் காட்டுவார்கள். விலை சில நூறு வெள்ளி. இரண்டுமே சும்மா கிடக்கும் பிசிஐஇ ஸ்லாட்டில் (கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைப் போடும் பள்ளம்) செருகுகிறவைதான். கார்டு தேவைப்படும் வீட்டுக் கணினிக்காரர்களில் பெரும்பாலோர் அந்த விலை குறைந்த அடாப்டரைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் கார்டில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது.

பழைய படங்களையும் விளையாட்டுகளையும் போட்டு வைக்கத்தான் இடம் தேவை என்றால் கார்டே வேண்டாம். சாட்டா என்னும் பழைய ரகக் கேபிளில் ஓடும் 2.5 அங்குல எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட் வரை தரும், அது தாராளம். பெரிய கோப்புகளை நாள் முழுக்க நகர்த்துகிறவர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும்தான் பிசிஐஇ வழியாக ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியின் வேகம் கைமேல் தெரியும். மேற்கொண்டு சொல்வதெல்லாம் அவர்களுக்காக.

கடைக்குக் கிளம்புமுன் கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றி, கைப்பேசி விளக்கை அடித்து, காலி ஸ்லாட்டுக்குள்ளே பாருங்கள். நீளமாக இருக்கும் ஸ்லாட் எல்லாவற்றிலும் 16 தடம் (லேன், தரவு போகும் பாதை) இருக்காது. இரண்டாவது, மூன்றாவது நீள ஸ்லாட்டில் பொன்னிற ஊசிகள் பாதித் தூரம்கூட வராமல் நின்றுவிடும்; மீதி வெறும் பிளாஸ்டிக் பள்ளம். அப்படி இருந்தால் பெரும்பாலும் 4 தடம். குறுக்கே இருக்கும் தடுப்பைத் தாண்டிய உடனேயே ஊசிகள் முடிந்துவிட்டால் ஒரே ஒரு தடம்தான். ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓட 4 தடம் வேண்டும். பிசிஐஇ 3.0 என்றால் ஒரு தடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகும், 4.0இல் 2 ஜிபி, 5.0இல் 4 ஜிபி.

கண்ணால் பார்த்தது பாதி வேலை. மீதிப் பாதிக்கு மதர்போர்டின் கையேட்டைத் திறக்க வேண்டும், தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் ஸ்லாட் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிகளை விட்டுவிடாதீர்கள். இந்த ஸ்லாட்டில் கார்டு போட்டால் இரண்டாவது எம்.2 வேலை செய்யாது, அல்லது குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் என்றெல்லாம் அங்கேதான் எழுதியிருப்பார்கள். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் பலர். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அந்த வரிதான் காரணம்.

சரி, ஒற்றை அடாப்டருக்கு வருவோம். அதில் சிப் எதுவுமில்லை. ஸ்லாட்டின் 4 தடங்களை நேராக எஸ்எஸ்டிக்குக் கொண்டு சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை, தனியாக டிரைவரும் தேவையில்லை. எஸ்எஸ்டியைக் கொஞ்சம் சாய்த்துச் செருகி, கீழே அழுத்தி, ஒரு குட்டித் திருகாணியை முடுக்கினால் முடிந்தது. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் 4.0 எஸ்எஸ்டி போட்டாலும் ஓடும், நொடிக்கு 3,500 மெகாபைட் அளவில் நின்றுகொள்ளும். அதுவே சாட்டாவைப் போல ஆறு மடங்கு.

இந்த ரகத்தில் இரண்டு எச்சரிக்கைகள். எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறது. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அதுதான். இந்த அடாப்டரில் அதைப் போட்டால் கணினிக்குத் தெரியவே தெரியாது. அடுத்தது, 'இரட்டை எம்.2' என்று விற்கும் மலிவான கார்டு. அதில் ஓர் இடம்தான் என்விஎம்இக்கு, மற்றது எம்.2 சாட்டாவுக்கு. அந்தச் சாட்டா இடத்துக்கு மதர்போர்டிலிருந்து தனியாக ஒரு கேபிள் இழுக்க வேண்டும். ஸ்லாட்டிலிருந்து அதற்குக் கிடைப்பது மின்சாரம் மட்டுமே. படத்தைப் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். முகூர்த்த மாதங்களில் வாரம் தவறாமல் மூன்று கேமராக் காட்சிகள் வந்து குவியும். "அண்ணே, நாலு ஸ்லாட் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டா ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லதானே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அவரிடம் இருந்தது இன்டெல் 12ஆம் தலைமுறை சிபியு.

நான்கு எஸ்எஸ்டி கார்டில் விலை குறைவான ரகத்துக்கு, 16 தடத்தை நான்கு நான்காகப் பிரித்துக் கொடுக்கும் வசதி மதர்போர்டில் இருந்தாக வேண்டும். பைஃபர்கேஷன் என்பார்கள், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) இருக்கும். ஏஎம்டி ரைசன் போர்டுகள் பலவற்றில் இது உண்டு. இன்டெல்லின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையான வீட்டுக் கணினி சிபியுக்கள் 16ஐ எட்டு எட்டாக மட்டுமே பிரிக்கும். அப்போது நான்கு இடமுள்ள கார்டில் இரண்டு எஸ்எஸ்டிதான் தெரியும், மற்ற இரண்டு இடம் வெறும் அலங்காரம். ரைசன் என்றாலும் 8700ஜி மாதிரி கிராபிக்ஸ் உள்ளடக்கிய சிபியுவாக இருந்தால் முதல் ஸ்லாட்டுக்கு 8 தடம்தான் வரும்.

எல்லாம் பொருந்தி வந்தாலும் இன்னொரு சிக்கல் நிற்கிறது. 16 தடமும் உள்ள ஸ்லாட் வீட்டுப் போர்டில் ஒன்றே ஒன்று. அதில் இந்தக் கார்டைப் போட்டால் கிராபிக்ஸ் கார்டை எங்கே வைப்பது? கிராபிக்ஸ் கார்டே இல்லாமல், சிபியுவின் சொந்தக் காட்சியோடு ஓடும் வீட்டு சர்வருக்கு இந்த ரகம் அருமையான தேர்வு, மனமாரச் சொல்வேன். ஏஎம்டியின் பெரிய ரக சிபியுவான திரெட்ரிப்பர் வைத்திருப்பவர்களுக்கும் தடத்துக்குப் பஞ்சமில்லை. எடிட்டிங் கணினிக்கு ஒத்துவராது. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ போன்ற கார்டுகள் 8 தடம்தான் பயன்படுத்துகின்றன என்பதைப் பார்த்து, ஆசுஸ் நிறுவனம் அந்தக் கார்டின் முதுகிலேயே ஓர் எம்.2 இடம் வைத்து வெளியிட்டது. நல்ல யோசனை, மற்ற நிறுவனங்களும் செய்யலாம்.

விசிறி வைத்த விலை உயர்ந்த கார்டு இந்தப் பிரிக்கும் வேலையைத் தானே செய்துகொள்ளும். அதற்கென்று ஒரு ஸ்விட்ச் சிப் அதில் இருக்கிறது. பைஃபர்கேஷன் இல்லாத போர்டிலும் நான்கு எஸ்எஸ்டியும் தெரியும். ஆனால் நான்கும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். 4 தடம் மட்டுமே உள்ள 3.0 ஸ்லாட்டில் போட்டால் நான்கும் சேர்ந்தே நொடிக்கு 4 ஜிபியைத் தொடாது. அந்த ஸ்லாட் சிபியுவோடு நேராக இணையாமல் சிப்செட் (போர்டின் துணைச் சிப்) வழியாகப் போவதாக இருந்தால், யூஎஸ்பி, லான், சாட்டா எல்லாவற்றோடும் அதே பாதையைப் பங்குபோட வேண்டும். இடம்தான் குறி, வேகம் அப்புறம் என்பவர்கள் இதை வாங்கலாம். நண்பருக்கு நான் சொன்னது, பெரிய கொள்ளளவில் ஒரே எஸ்எஸ்டியும் ஒற்றை அடாப்டரும். கார்டுக்குப் போயிருக்க வேண்டிய பணம் கொள்ளளவுக்குப் போனது.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் யூ.2 எஸ்எஸ்டிகள், உதாரணத்துக்கு இன்டெல் பி4510. தடிமனான 2.5 அங்குலப் பெட்டி. அதற்கென்று உள்ள அடாப்டரில் மாட்டி, இதே 4 தட ஸ்லாட்டில் போடலாம். மின்சாரம் திடீரென்று போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் உள்ளே உண்டு. முக்கியமாக, நூற்றுக்கணக்கான ஜிபியைத் தொடர்ந்து எழுதினாலும் வேகம் சரியாது. மலிவான கியூஎல்சி (ஒரே செல்லில் நான்கு பிட் அடைக்கும் ரகம்) எஸ்எஸ்டிகள் அப்படியல்ல. அவற்றின் கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய பகுதி) நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்குவதைக் காப்பி செய்யும்போதே பார்க்கலாம்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் இவை கண்ணில் படும். வாங்குமுன் எவ்வளவு விழுக்காடு தேய்ந்திருக்கிறது என்ற ஸ்மார்ட் விவரத்தின் (எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிந்து வைப்பது) படத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் 2012இல் வந்த லெமன் சட்டம் நமக்குத் துணை நிற்கும், பழைய பொருளுக்கும் சேர்த்து. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இந்த சர்வர் எஸ்எஸ்டிகளுக்குக் காற்று கட்டாயம் வேண்டும். நம் ஊர் வெயிலில் இது பெரிய விஷயம். பிற்பகலில் வெளியே 31, 32 பாகை. ஏர்கான் போடாத வீவக வீட்டு அறையில் ஓடும் கணினிக்குள் அதற்கும் மேலே. இதில் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே அடாப்டரைச் செருகினால் எஸ்எஸ்டி வெந்நீர் ஆவியில் இருப்பது போலத்தான்: கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்குக் காற்றும் அடைபடும், சூடும் இறங்கி வரும். 80 பாகையை நெருங்கினால் எஸ்எஸ்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே அடிமட்ட ஸ்லாட்டில் போடுங்கள், அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றை ஒட்டுங்கள், முன்பக்க விசிறி அந்த உயரத்துக்குக் காற்றைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். 5.0 எஸ்எஸ்டியின் வேகத்துக்கு ஆசைப்பட்டு இந்தச் சூட்டை விலைக்கு வாங்க வேண்டாம். வீட்டு வேலைக்கு 4.0 போதும்.

விண்டோஸையே இந்த எஸ்எஸ்டியிலிருந்து தொடங்க நினைப்பவர்கள் போர்டின் வயதைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் 2014இல் வந்த இசட்97 காலத்துக்குப் பிந்தையவை பொதுவாக ஒத்துழைக்கும். அதற்கு முந்தையவற்றில் தகவல் வைக்க மட்டும் பயன்படுத்துவது நல்லது.

மாட்டி முடித்ததும் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து 'டிரான்ஸ்பர் மோட்' வரியைப் பாருங்கள். இரண்டு மதிப்புகள் இருக்கும்: இடப்பக்கம் இப்போது கிடைக்கும் தடம், வலப்பக்கம் எஸ்எஸ்டியால் முடிந்தது. இடப்பக்கம் எக்ஸ்1 (ஒரே தடம்) என்று இருந்தால் அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால், ரசீதோடு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.