கோடை பண்பலை 100.5: பாட்டுக்கும் அரசுப் பணம் வேண்டும்

வத்தலக்குண்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறந்ததும் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் மெஷினுக்கு எண்ணெய் விடுவேன். அரசு நடத்தும் கொடைக்கானல் வானொலியின் 100.5 தவிர வேறெதுவும் இங்கே ஓடுவதில்லை.

ஒலித் தெளிவுக்கு முழு மதிப்பெண். பண்பலை அலை நேர்கோட்டில் போகும். ஏழாயிரம் அடி உயர மலையிலிருந்து வருவதால் தேனி, திண்டுக்கல், மதுரை என்று சமவெளி முழுக்கக் கேட்கிறது. தனியார் பண்பலைகள் ஏலத்தில் உரிமம் எடுத்து நகரங்களில் நடக்கின்றன. விளம்பரம் கொடுக்க ஆளில்லாத கிராமங்களுக்காக அவர்கள் கோபுரம் கட்டப்போவதில்லை.

"சினிமாப் பாட்டுப் போட அரசாங்கம் எதற்கு? வரிப்பணம் வீண்" என்பார் கடைக்கு வரும் ஆசிரியர் ஒருவர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கரும் சினிமாப் பாட்டை மட்டமாகத்தான் நினைத்தார். அகில இந்திய வானொலியில் அதைக் குறுக்கி, சாஸ்திரிய இசையை நிரப்பினார். ஜனங்கள் ராகம் கேட்க உட்காரவில்லை. இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி என்ற பாட்டுச் சேவையை அகில இந்திய வானொலியே தொடங்க வேண்டியிருந்தது.

பாட்டுக்காகத்தான் ரேடியோ அணையாமல் இருக்கிறது. அடுத்து மழை எச்சரிக்கையோ வேளாண் அதிகாரியின் பேச்சோ வந்தால், கையில் வேலையாக இருப்பவர் எழுந்து போய் நிறுத்துவதில்லை. நிலக்கோட்டைப் பக்கம் என் அக்கா வீட்டில் மல்லிகைத் தோட்டம். அத்தான் ரேடியோ வாங்கியது பழைய பாட்டுக் கேட்க. மொட்டுப்புழுவுக்கு என்ன மருந்து, எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று தெரிந்துகொண்டதும் அதே ரேடியோவில்தான். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதியே கிடையாது என்பதையும் ஆசிரியரிடம் சொன்னேன்.

சினிமாவோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் குறை. எங்கள் பக்கத்து நையாண்டி மேளக்காரர்கள், நாடகம் போடுகிறவர்கள், நன்றாகச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, கௌரவமான சம்பளம் கொடுத்துப் பாடவும் நடிக்கவும் வைக்க வேண்டும். நட்சத்திரங்களை வைத்துக் கோடிகளில் போட்டி நடத்தப் பணம் கேட்கவில்லை. அதற்குத் தனியார் தொலைக்காட்சிகள் இருக்கின்றன.

மலையடிவார வீடுகளில் சில இடங்களில் அலை மறையும். ரேடியோவை ஜன்னல் ஓரம் வைத்து ஏரியலை முழுதாக நீட்டுங்கள். போனில் பண்பலை வசதி இருந்தால் இயர்போன் ஒயரைச் செருகுங்கள், அதுதான் ஏரியல். வெளியூரில் இருப்பவர்கள் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கேட்கலாம்.