காகம் வரையக் கரியா, பேனையா?

சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைக்கிற வீட்டில், பறவை வரையப் பழகுபவர் மாடல் தேடி யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவுப் பக்கம் போகத் தேவையில்லை. மதிலிலேயே வந்து நிற்கும். எதைக்கொண்டு வரைவது என்பதில்தான் பலருக்கு இழுபறி.

விலை: பேனையும் பழைய கொப்பியும் வீட்டிலேயே இருக்கும். கரிக்குச்சியைக் கடையில் வாங்க வேண்டும். சிரட்டைக்கரி வேண்டாம், தாளைக் கீறிவிடும்.

வேகம்: கரியைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு இழுத்தால் முதுகும் வாலும் வந்துவிடும். பேனையால் அதே கருமையைக் கோடு கோடாகச் சேர்ப்பதற்குள் காகம் பனை வட்டுக்குப் போய்விடும்.

நிறம்: இங்கேதான் கரி உண்மையில் வெல்கிறது. ஊர்க்காகத்தின் கழுத்துச் சாம்பலை விரலால் தேய்த்தே எடுக்கலாம். இறகின் மினுக்கத்தை அழிறப்பரால் ஒற்றி எடுக்கலாம். அண்டங்காகம் முழுக்கக் கறுப்பு என்பதால் அதற்கும் கரிதான் வசதி. ஆனால் அதன் தடித்து வளைந்த அலகுக்கும் கண்ணுக்கும் பேனையின் கூர்மை வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் யாரும் அடிக்கப் போவதில்லை.

நிலைப்பு: கரி மங்காது, ஆனால் தொட்டால் கலையும். சோளகக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேலே ஃபிக்சேட்டிவ் (கரியைத் தாளோடு பிடித்துவைக்கும் தெளிப்பு) அடிக்க வேண்டும். பேனைக்கோடு காய்ந்தபின் தொட்டால் கலையாது. ஆனால் சாதாரண போல்பொயின்ற் மை வெயில் படும் சுவரில் நாளடைவில் வெளிறும்.

பஸ்ஸிலும் வேலை இடைவேளையிலும் வரைபவருக்குப் பேனை. விறாந்தையில் அரை மணி நேரம் இருக்கக் கிடைத்தால் கரி. பள்ளிப் பிள்ளைக்கு நான் பேனையைத்தான் கொடுப்பேன்: அழிக்க முடியாது என்பதால், கோடு போடுமுன் காகத்தைக் கொஞ்சம் பார்க்கும்.