கழிப்பறைச் சாவி யாரிடம்?

சேலம் – ஜோலார்பேட்டை பாதையில், எங்கள் தருமபுரி மாவட்டத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்ப்பவர்கள் பாவம். புதுப் பெயிண்ட், கிரானைட் பெஞ்ச், இலவச வைஃபை எல்லாம் வந்துவிட்டது. பெண்கள் கழிப்பறைக்கு மட்டும் பூட்டு.

அம்மாவுக்குச் சர்க்கரை. ரயில் தாமதம் என்று மைக்கில் சொன்னதுமே அவசரம் கூடிவிட்டது. டிக்கெட் கவுன்ட்டரில் கேட்டேன், மாஸ்டரைப் பாருங்கள் என்றார்கள். மாஸ்டர் ஒரு காதில் ஃபோனும் கையில் பச்சைக் கொடியுமாகக் கூட்ஸ் வண்டிக்காக நின்றிருந்தார். அது கடந்து முடிக்கிற வரை நானும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சாவி ஸ்வீப்பரம்மாகிட்ட இருக்கு சார்."

"அவங்க எங்கே?"

"மத்தியானமே கிளம்பிட்டாங்களே."

சுவரில் ஆணியைக் காட்டினார். 'கழிப்பறை' என்று பெயிண்டில் எழுதிய மரக்கட்டை தொங்கியது. சாவி கட்டியிருந்த கயிறு மட்டும் மிச்சம்.

நான் இருக்கும் ஜெர்மனியில் கிராம ஸ்டேஷன்களில் பெரும்பாலும் ஆளும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. பெரிய ஸ்டேஷனில் 1 யூரோ போட்டால்தான் உள்ளே விடுவார்கள். அதற்கெல்லாம் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவேன். இங்கே டைல்ஸ்கூடப் புதுசு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அங்கே வராத கோபம் இங்கே வந்தது.

எங்கள் பக்கத்துக்கு ரயில் விஷயத்தில் கொடுத்து எடுப்பதுதான் வழக்கம் போலிருக்கிறது. சென்னையிலிருந்து கேரளக் கடற்கரையில் இருக்கும் பேப்பூர் போகும் பெரிய பாதை 1862-லேயே முடிந்துவிட்டது. அந்தப் பாதையில் இருக்கும் மொரப்பூரில் இறங்கித் தருமபுரி போக 1906-ல் குட்டி ரயில் விட்டார்கள், இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அப்படி ஒன்று ஓடியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இரண்டையும் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமானது, தலைநகரில் இன்னும் ரயில் இல்லை. தருமபுரி டவுன் வழியாகச் சேலம் – பெங்களூரு வண்டி போகிறது, சரி. ஆனால் சென்னை போக மொரப்பூருக்கு பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. மொரப்பூர் – தருமபுரி ரயிலைத் திரும்பக் கொண்டுவர 36 கிலோமீட்டர் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம் நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் போயின.

சின்ன வயதில் பார்த்த ஸ்டேஷன் வேறு. அட்டை டிக்கெட்டை மெஷினில் கொடுத்து 'டக்'கென்று தேதி குத்துவார்கள். முந்தின ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பியதும் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கும். அப்போதெல்லாம் கழிப்பறையைப் பூட்ட மாட்டார்கள். தண்ணீர்தான் இருக்காது.

கடைசியில் காப்பாற்றியது பிளாட்பாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்ற அம்மா. கூடையை என்னிடம் தள்ளிவிட்டு, "அதுக்கென்னம்மா, பின்னாடிதான் எங்க வூடு, வாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் திரும்பும் வரை யாவாரம் நான்தான். விலை தெரியாமல் ஒருவருக்குச் சும்மாவே கொடுத்தேன். கணக்குக் கேட்டபோது நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை.

ரயில் நின்றது இரண்டு நிமிஷம். ஏறியவுடன் புகார் எழுதினேன். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று அன்றே பதில் வந்தது, என்ன நடவடிக்கை என்று இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து பெரியவர்களோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சாவியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். மத்தியானத்துக்கு முன்னால்.