பஸ்கா பந்தியும் திருவிருந்தும்

யூதரின் பஸ்கா பண்டிகைப் பந்தி, கிறிஸ்தவரின் திருவிருந்து, இரண்டிலும் அப்பமும் திராட்சரசமும் உண்டு. ஆனால் பஸ்கா வீட்டில் நடக்கிறது, திருவிருந்து ஆலயத்தில். பஸ்காவில் வீட்டின் கடைக்குட்டி, "இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். யூதரின் முன்னோர் எகிப்திலிருந்து விடுதலையான கதை அதற்கு விடையாக விரியும். நான்கு கிண்ணம் திராட்சரசம், கசப்புக் கீரை, புளிப்பில்லா அப்பம் என்று பந்தி நெடுநேரம் நீளும். திருவிருந்தில் ஒரு துண்டு, ஒரு மிடறு, அவ்வளவுதான். குழந்தை கேள்வி கேட்கும் அந்த வழக்கம் நம் கிறிஸ்தவர் பக்கம் வராமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சரி, பஸ்காவில் பலியிட்டு உண்ட ஆட்டுக்குட்டி எங்கே? கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்ததும் பலி நின்றது. யூதர் தட்டில் இப்போது பெரும்பாலும் ஒரு சுட்ட எலும்புதான் நினைவாக இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கோ, அப்போஸ்தலன் பவுல் எழுதியபடி, கிறிஸ்துவே பஸ்கா ஆட்டுக்குட்டி.

இயேசுவின் கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானா? சுவிசேஷம் எழுதியவர்களில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவானின் கணக்குப்படி பஸ்காவுக்கு முந்தின இரவு. தவிர, இன்றைய பஸ்கா ஒழுங்கின் பெரும்பகுதி அந்த ஆலய அழிவுக்குப் பிறகு உருவானது. அதனால் இன்றைய யூதப் பந்தியை அப்படியே இயேசுவின் மேசை என்று காட்டுவது சரியல்ல.

திருவிருந்து அப்பத்தில் ஒரு வேடிக்கை. ரோமன் கத்தோலிக்கர் புளிப்பில்லாததை வைக்கிறார்கள், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையினர் புளித்த அப்பத்தையே படைக்கிறார்கள்.