ஊருக்குப் போனால் அம்மாவின் மருந்துச் சீட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்

லண்டனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து பெற்றோரைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போகிறவர்களுக்கு இது. டோக்கன், ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட் எல்லாம் ஒரே காலையில் முடிகின்றன. அருமையான வேகம். குறை டாக்டரின் அறையில், கடைசி ஒரு நிமிடத்தில்தான்.

கூட வந்த பிள்ளையிடம் டாக்டர் இங்கிலீஷில் விளக்குவார். மாத்திரை சாப்பிடப்போகிற அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) மட்டும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்பதை மெடிக்கல் கடைக்காரர் கவரில் எழுதுவார். "புரிஞ்சுதா?" என்றால் பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "வீட்டுல இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்கிற டாக்டருக்குத்தான் உண்மை தெரியவரும்.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை காலைச் சாப்பாட்டோடு போட வேண்டியது. சஷ்டி விரதத்தன்று சாப்பாட்டை விட்டு, மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறவர்கள் உண்டு. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும். உடனே 3 அல்லது 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "விரதம் இருப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டு, அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று சீட்டிலேயே எழுதினால் இந்த ஆபத்தே வராது.

இரண்டு டாக்டர்களைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒருவர் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் தருவார். இதய டாக்டர் வேறு பிராண்டில் டெல்மிசார்ட்டனும் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் சேர்ந்ததைத் தருவார். அட்டை வேறு என்பதால் இரண்டையும் சாப்பிட்டு, தலைசுற்றி விழுகிறார்கள். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லி 2016இலேயே மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. ஆனாலும் பல சீட்டுகளில் பிராண்டு பெயர்தான். வீட்டிலிருக்கும் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, டாக்டரின் மேசையில் கொட்டி, "எதாவது ரெட்டிப்பா இருக்கா?" என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் புரட்டிப் பார்க்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற பெண்களிடம், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதைக்கூடப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பெண்கள் ஊர்ப் பேச்சில் பேசுகிறார்கள், கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள். டாக்டர்களாலும் இது முடியும்.

கிளம்புமுன் ஆஸ்பத்திரிப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. அந்த ரிப்போர்ட்டில் சர்க்கரை 126 என்றால் லண்டன் கணக்கில் 7. 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.