ஓம் பார்ப்பதா, வோல்ட் இழப்பைப் பார்ப்பதா?

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் ஸ்டார்ட்டர் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) மந்தமாகச் சுற்றினால், பலர் முதலில் மல்டிமீட்டரை ஓமுக்கு, அதாவது மின்தடை அளவுக்குத் திருப்பி, பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் கேபிளைப் பார்ப்பார்கள். 0.2, 0.3 என்று காட்டும். அதில் பெரும்பகுதி மீட்டர் வயர்களின் மின்தடைதான். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பில் வெறும் 0.01 ஓம் கூடினாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.01 சாதாரண மீட்டரின் கண்ணுக்குப் படவே படாது.

வோல்ட் இழப்புச் சோதனை இங்கேதான் கைகொடுக்கிறது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ஸ்டார்ட்டர் முனையத்திலும் பிடியுங்கள். விமானத்தின் கையேட்டில் சொன்னபடி எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் செய்து, புரொப்பெல்லர் அருகே ஆள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். அது சுற்றும்போது தெரியும் வோல்ட் முழுக்க வழியில் தொலைந்தது. அப்புறம் கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), லக் (கேபிள் முனையின் உலோக இணைப்பு) என்று ஒவ்வொன்றாக நகர்ந்தால் குற்றவாளி சிக்கிவிடும். எஞ்சின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் பாருங்கள்; அதிகம் மறந்துபோகும் இடம் அதுதான்.

28 வோல்ட் அமைப்பில், தொடர்ந்து ஓடும் சுமைக்கு 1 வோல்ட், விட்டுவிட்டு ஓடுவதற்கு 2 வோல்ட் இழப்பு வரை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் 43.13-1பி வழிகாட்டி ஏற்கிறது.

சரி, ஓம் எதற்கு? வயர் அறுந்திருக்கிறதா, விமானத்தின் உலோக உடலைத் தொடுகிறதா என்று பார்க்க அதுவே சுலபம். மின்சாரத்தைத் துண்டித்து, வயரின் இரு முனையையும் கழற்றிய பிறகு மட்டும்.