‘தி இம்போஸ்டர்’ ஆவணப்படம்: வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா?

போன சனிக்கிழமை இரவு அப்பாவோடு உட்கார்ந்து ‘தி இம்போஸ்டர்’ பார்த்தேன். 2012இல் வந்த பிரிட்டிஷ் ஆவணப்படம், இயக்கியவர் பார்ட் லேடன், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடுகிறது. இணையத்தில் வாடகைக்கு எடுத்தோம். பார்க்கலாமா என்று கேட்டால் கட்டாயம் பாருங்கள் என்பேன். ஆனால் கடைசி அரை மணி நேரத்தின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். கதையைச் சொன்னால் சுவாரஸ்யம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், காணாமல் போன பையன் நான்தான் என்று வந்தவன் ஆள்மாறாட்டக்காரன் என்பதைப் படமே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறது.

1994 ஜூன் 13, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம். நிக்கலஸ் பார்க்லே என்ற 13 வயதுப் பையன் கூடைப்பந்து விளையாடப் போனவன் வீடு திரும்பவில்லை. விளையாடி முடித்து வீட்டுக்கு போன் செய்து, வந்து கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறான். அம்மா இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை, நடந்து வரச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மூன்று வருடம் கழித்து, 1997 அக்டோபரில், ஸ்பெயினின் லினாரெஸ் நகரத்துச் சிறார் காப்பகத்தில் ஒருவன் வந்து சேர்கிறான். பெயர் சொல்லவில்லை, ஆவணம் எதுவும் இல்லை. உண்மையில் அவன் பிரெடெரிக் பூர்தான், பிரான்ஸ் நாட்டுக்காரன், வயது 23. காப்பகத்தில் யார் என்று நிரூபிக்கச் சொல்லி நெருக்க, நான் அமெரிக்கன், என் வீட்டுக்கு நானே போன் செய்கிறேன் என்று கேட்டு, இரவில் அலுவலக அறையில் தனியாக இருக்கும் அனுமதியை வாங்கிவிடுகிறான். அங்கிருந்து காணாமல் போன பிள்ளைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையத்துக்குப் போன் போட்டு, காப்பக அதிகாரி பேசுவதுபோலப் பேசி, இப்படி இப்படி ஒரு பையன் எங்களிடம் இருக்கிறான், யாராக இருக்கும் என்று விசாரிக்கிறான். அவர்கள் சொன்ன பெயர்தான் நிக்கலஸ் பார்க்லே. அப்புறம் தபாலில் வந்த வண்ண அறிவிப்பைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அந்தப் பையனுக்கு நீலக் கண், பொன்னிற முடி, கையில் பச்சை குத்திய அடையாளம். இவனுக்கோ பழுப்புக் கண், கறுத்த முடி. அறிவிப்பை எரித்துவிட்டு, முடிக்குச் சாயம் அடித்து, பச்சையும் குத்திக்கொள்கிறான்.

அதற்குள் நிக்கலஸின் அக்கா விமானம் ஏறிவிட்டார். வந்தார், பார்த்தார், என் தம்பிதான் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்து, இது யார், அது யார் என்று அவரே காட்டுகிறார், மறுநாள் அமெரிக்க அதிகாரிகள் போட்டோவைக் காட்டிக் கேட்கும்போது அவன் சரியாகச் சொல்கிறான், பாஸ்போர்ட் கிடைக்கிறது. இந்த இடத்தில் அப்பா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்துப் பார்ப்பதற்கு அதுதான் முதல் காரணம். பூர்தான் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறான், நம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி. நடந்தவற்றை நடிகர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள், ஆனால் பல இடங்களில் நடிகரின் வாய் அசைய, வெளியே வருவது பேட்டி கொடுக்கும் உண்மையான ஆளின் குரல். இதை நான் வேறு எங்கேயும் இவ்வளவு கச்சிதமாகப் பார்த்ததில்லை. நடிப்புக் காட்சி எது, பழைய வீடியோ எது என்று கொஞ்ச நேரத்தில் நமக்கே தடுமாறுகிறது, ஒரு பொய்யனின் கதையைச் சொல்ல அந்தத் தடுமாற்றம் பொருத்தமாகவும் இருக்கிறது. அறிமுகப் படைப்புக்கான பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவை லேடனும் தயாரிப்பாளரும் வாங்கினார்கள், தகுதியான விருதுதான்.

பூர்தான் ஏன் இப்படிச் செய்தான் என்பதைப் படம் போகிற போக்கில்தான் தொடுகிறது. நான் இதற்கு முன்பே அவனைப் பற்றிப் படித்திருந்ததால் எனக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. அப்பா யார் என்று தெரியாமல் வளர்ந்தவன், தாத்தா பாட்டியிடம் கொஞ்ச காலம், அப்புறம் சிறார் இல்லம். 16 வயதில் அங்கிருந்து ஓடி, பாரிஸ் போய், ஒரு போலீஸ்காரரிடம் தன்னை வழி தவறிய பிரிட்டிஷ் பையன், பெயர் ஜிம்மி சேல் என்று சொல்லியிருக்கிறான். இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினானாம். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது! பிடித்துத் திரும்ப அதே இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு சம்பவத்தைப் படத்தில் வைத்திருந்தால் முழுப் படமும் வேறு மாதிரி ஆகியிருக்கும். மொழி தெரியாத நாட்டில் யாரோ தன்னை எடுத்து வளர்ப்பார்கள் என்று நினைத்த அந்த 16 வயதுப் பையனை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகு அவன் ஐரோப்பாவில் எத்தனையோ பெயர்களில் காப்பகம் காப்பகமாகப் போனதும் பணத்துக்காக இல்லை, ஒரு கட்டில், ஒரு தட்டுச் சோறு, சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள், அதற்காகத்தான்.

ஆனால் லினாரெஸில் அந்த அறிவிப்பை எரித்தவனுக்கு வயது 23. அது இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் முகம் என்று தெரிந்தேதான் எரித்தான். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, தனிமையில் வாடிய பாவப்பட்ட பையன் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

எல்லோரும் கேட்கும் கேள்வி, குடும்பம் எப்படி நம்பியது என்பதுதான். கண் நிறம் வேறு, பேச்சில் பிரெஞ்சு வாடை, தாடி முளைத்த முகம். கடத்திக்கொண்டு போனவர்கள் கண்ணில் மருந்து செலுத்தி நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று அவன் சொன்ன கதையை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? என் சித்தப்பா பத்தாம் வகுப்பில் தவறி வீட்டை விட்டுப் போனவர், நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, இன்றுவரை வரவில்லை. அவரைப் பம்பாயில் ஒரு ஓட்டலில் பார்த்தேன் என்று ஒருவர் வந்து சொல்ல, அப்பத்தா வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். அதே ஆள் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் கொடுத்தார். ஏமாற்றுகிறான் என்று அப்பா சொன்னதற்கு, “தெரியும்டா, ஒருவேளை நெசமா இருந்தா?” என்றாராம். அந்தக் குடும்பம் நம்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பாஸ்போர்ட் கொடுத்த அதிகாரிகள் நம்பியதுதான் ஆச்சரியம்.

சந்தேகப்பட்டவர் சார்லி பார்க்கர் என்ற தனியார் துப்பறிவாளர், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வந்தவர். பழைய போட்டோவில் இருக்கும் நிக்கலஸின் காதையும் இவன் காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், பொருந்தவில்லை. எஃப்பிஐ அதிகாரி ஒருவரும் விடாமல் பின்தொடர்கிறார். அமெரிக்க வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவனுக்கு இந்த உச்சரிப்பு வராது என்று மனநல மருத்துவர் சொல்லிவிடுகிறார். நீதிமன்ற உத்தரவு வாங்கி எடுத்த கைரேகை, சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போலிடம் இருந்த ரேகையோடு பொருந்த, 1998 மார்ச்சில் கைது. ஏறக்குறைய ஐந்து மாதம் அந்த வீட்டில் பிள்ளையாக இருந்திருக்கிறான், பள்ளிக்கும் போயிருக்கிறான். ஆறு வருடத் தண்டனை கிடைத்தது.

இனி என் கோபம். கடைசிப் பகுதியில் படம் திசை மாறுகிறது. குடும்பத்துக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், பையனுக்கு வீட்டிலேயே ஏதோ நடந்துவிட்டது, அதை மறைக்கத்தான் இவனை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள். சொல்வது யார்? வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்ன பூர்தான், கூடவே பார்க்கர். குடும்பம் மறுக்கிறது. யார் மேலும் வழக்கு இல்லை, ஆதாரம் கிடைக்கவில்லை. சந்தேகத்துக்கு ஆளான நிக்கலஸின் அண்ணன் 1998லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளே இல்லை. ஆனாலும் பின்னணி இசையை ஏற்றி, பார்க்கர் ஒரு வீட்டுக் கொல்லையைத் தோண்டவைக்கும் காட்சியை உச்சக்கட்டமாக வைத்திருக்கிறார்கள், குழியில் எதுவும் இல்லை. சந்தேகத்தைச் சொல்வது தப்பில்லை, விசாரித்த அதிகாரிகளுக்கே கேள்விகள் இருந்தன. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை ஒருமுறை ஏமாற்றியவனையே மறுபடி உட்காரவைத்து, அவர்கள் மேல் பழி சொல்ல இவ்வளவு நேரம் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட வருத்தம், நிக்கலஸ் படத்தில் எங்கே இருக்கிறான் என்பது. ஒன்றிரண்டு வீட்டு வீடியோ, சில போட்டோ, குறும்புக்காரன், அடங்காதவன் என்று சில வாக்கியங்கள். பூர்தானின் சிரிப்பு, நடை, பார்வை எல்லாம் நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது, அந்தப் பையன் எப்படிப் பேசுவான், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தமிழ் வசனவரி நாங்கள் எடுத்த இடத்தில் இல்லை. ஆங்கில வசனவரியைப் போட்டுக்கொள்ளுங்கள், பூர்தானின் பிரெஞ்சு வாடையும் டெக்சஸ்காரர்களின் இழுப்பும் பாதி புரியாது. சிறு பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம், கடத்தினவர்கள் செய்ததாக அவன் கட்டிச் சொல்லும் கொடுமைகள் பொய்தான் என்றாலும் கேட்கவே கஷ்டமாக இருக்கும். பின்னால் அவனைப் பற்றித் தேடிப் படியுங்கள். 2003இல் பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும், அங்கே காணாமல் போன இன்னொரு பையனின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான், மரபணுச் சோதனையில் மாட்டினான். 2005இல் பிரான்சின் போ (Pau) என்ற நகரத்தில் 15 வயது அநாதை என்று சொல்லி, வழுக்கையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு மாதம் பள்ளியில் படித்திருக்கிறான், அப்போது அவனுக்கு வயது 30.

எங்களுக்கு வாடகைக் கெடு 48 மணி நேரம் இருந்தது. ஞாயிறு மதியம் அப்பா தனியாக மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், நிக்கலஸ் வரும் இடங்களை மட்டும். அந்தப் பையனுக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று கேட்டார். 1980 டிசம்பரில் பிறந்தவன் என்றேன்.